ஹனுனோ மொழியின் ஒலிகள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹனுனோ மொழியைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அதன் எழுத்தைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் வருகிறார்கள். மூங்கிலில் கத்தி முனையால் கீறிய எழுத்து, நம் எழுத்துக்குத் தூரத்துச் சொந்தம் வேறு, ஆசை வராமல் இருக்காது. ஆனால் முதல் நாளே எழுத்து அட்டவணையைத் திறக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்த எழுத்து மொழியின் ஒலிகளில் பலவற்றைக் காட்டுவதே இல்லை. சொல்லின் கடைசி மெய் அதில் வராது, தொண்டையில் வெட்டி நிறுத்தும் ஒலி சொல்லின் கடைசியில் வந்தால் தெரியாது, எந்த அசையை அழுத்த வேண்டும் என்பதும் தெரியாது. மொழி காதில் ஏற்கெனவே இருப்பவருக்கு இது போதும். நமக்கு இல்லை. அதனால் முதலில் வாய், பிறகு காது, அதன் பிறகு எழுத்து. இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது. தமிழ் பேசுகிற வாய் எங்கெங்கே வழுக்கும் என்பதை முன்னாலேயே தெரிந்துகொண்டால் பாதி வேலை குறையும்.

எங்கே, யார் பேசுவது

பிலிப்பைன்ஸில் மணிலாவுக்குத் தெற்கே இருக்கிறது மிந்தோரோ தீவு. அதன் மலைப்பகுதிகளில் வாழும் பழங்குடிகளை மொத்தமாக மங்யான் என்பார்கள். அது ஒரே இனமோ ஒரே மொழியோ அல்ல. இராயா, அலங்கான், தத்யவான், தவ்புயித், புஹித், ஹனுனோ என்று தனித்தனி மக்கள், தனித்தனி மொழிகள். ஹனுனோ மக்கள் தீவின் தென்கோடியில், மன்சலாய், புலலகாவ் பக்கத்து மலைகளில் இருக்கிறார்கள். காட்டை வெட்டி எரித்து மலைநெல் விதைத்து, நிலத்தை ஆறப்போட்டு வேறு இடம் மாறும் விவசாயம் அவர்களுடையது. ‘மங்யான் மொழி கற்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டு இராயா ஒலிப்பதிவையும் ஹனுனோ சொற்பட்டியலையும் கலந்து வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் உண்டு, அந்தக் குழப்பத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். பக்கத்து மொழியான புஹித் ஹனுனோவுக்கு நெருங்கிய உறவு, அதற்கும் சொந்த எழுத்து இருக்கிறது. மொழிக்குடும்பம் என்று பார்த்தால் ஆஸ்த்ரோனேசியம், பிலிப்பைன்ஸின் பெரிய மொழிகளான தகலோகும் செபுவானோவும் இருக்கிற அதே பெரிய வீடு.

இந்த மொழியை முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தவர் அமெரிக்க மானிடவியலாளர் ஹெரால்ட் காங்க்லின். அவருடைய ஹனுனோ–ஆங்கில அகராதி 1953 இல் வந்தது. இன்றைக்கும் ஒலி விஷயத்தில் சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அதுதான், ஏனென்றால் அழுத்தத்தையும் தொண்டை ஒலியையும் விடாமல் குறித்திருக்கிறார்.

முதலில் ஒரு குறியீடு

தமிழ் எழுத்தில் இந்த மொழியை எழுதினால் உடனே ஒரு சிக்கல் வரும். நமக்கு ஒரே ப, ஒரே த, ஒரே க. பழத்துக்கும் பஸ்ஸுக்கும் ஒரே எழுத்துதான், ஒலி வேறு. இது ஹனுனோவில் ஓடாது. சுலோகப் புத்தகங்களில் எழுத்தின் தலையில் சின்னதாக 2, 3, 4 போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதில் 3 என்பது அதிரும் ஒலி. அதையே எடுத்துக்கொள்வோம். ப³ என்றால் பஸ்ஸின் ப, த³ என்றால் தினத்தின் த, க³ என்றால் காந்தியின் க. எண் இல்லாத ப, த, க எப்போதும், சொல்லின் எந்த இடத்தில் வந்தாலும், பழம், தண்ணீர், கல் ஆகியவற்றின் முதல் ஒலிதான். தொண்டையில் வெட்டும் ஒலிக்கு மேற்கோள் குறி மாதிரி ’ ஒன்று போடுகிறேன்.

இப்போது மெய்யொலிகளின் முழுப் பட்டியல்: ப, ப³, த, த³, க, க³, ’, ம, ன, ங, ஸ, ஹ, ர, ல, வ, ய. மொத்தம் 16. இவ்வளவுதான். சிறப்பு ழ இல்லை, ள இல்லை, ண இல்லை, வல்லின ற இல்லை, ட இல்லை. த சொல்லும்போது நாக்கு நுனியைப் பல்லுக்குப் பக்கத்தில் வையுங்கள், மேலண்ணத்துக்கு வளைக்காதீர்கள். ர நம் இடையின ரகரம் மாதிரியே நாக்கைச் சட்டென்று ஒரு தட்டு தட்டினால் சரி. ஸ எப்போதும் ஸ, ச்ச ஆகாது. வ மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும், நம்மைப்போல மேல்பல் கீழுதட்டைத் தொடக் கூடாது, இரண்டு உதடும் குவிந்து வர வேண்டும். ங சொல்லின் முதலிலும் வரும், பிலிப்பைன் மொழிகளில் அது சாதாரணம். ‘அங்ஙனம்’ என்று மெதுவாகச் சொல்லி, முதல் பாதியை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ‘ஙனம்’ என்று மட்டும் வெளியே விட்டால் அந்தத் தொடக்கம் வந்துவிடும்.

அதிரும் ஒலி, அதிராத ஒலி: இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்

தமிழ் பேசுகிறவருக்கு ஹனுனோவில் இருக்கிற மிகப் பெரிய தடை இதுதான், தொண்டை வெட்டு கூட அடுத்ததுதான். நமக்குப் ப-வும் ப³-வும் சொல்ல வராதது அல்ல பிரச்சினை, இரண்டும் நம் வாயில் நாள் முழுக்க வருகிறது. எங்கே எது வரும் என்பதை நம் மொழி தானாகவே முடிவு செய்துவிடுகிறது என்பதுதான் பிரச்சினை. இரண்டு உயிருக்கு நடுவில் ஒற்றை வல்லினம் வந்தால் அதிரும் அல்லது இளகும், மெல்லினத்துக்குப் பிறகு வந்தால் கட்டாயம் அதிரும், இரட்டித்தால் அதிராது. நாம் யோசிப்பதே இல்லை.

ஏழு என்பதற்கு ஹனுனோவில் பிது. என் குறியீட்டில் த மேல் எண் இல்லை, அப்படியானால் அது தண்ணீரின் த. ஆனால் உங்கள் கண் ‘அது, இது, பொது’ என்று பழகிய கண், உடனே பித³ு மாதிரி வாசித்துவிடும். சரி, கெட்டியாகச் சொல்கிறேன் என்று ‘பித்து’ என்றால் அதுவும் தப்பு, த இரண்டாகிவிடும், முதல் அசை மூடிவிடும். வேண்டியது நடுவில் இருப்பது: கெட்டியான த, ஆனால் ஒன்றே ஒன்று. பி என்று சொல்லி நிறுத்துங்கள். தனியாகத் து சொல்லுங்கள், தும்பியின் து. இப்போது இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், த இளகுகிற நொடி உங்கள் காதுக்கே தெரியும். தெரிந்ததும் ஒரு படி பின்வாங்கி மறுபடியும் தொடங்குங்கள். நான்கு என்பதற்கான உபத் என்பதிலும் இதே பயிற்சிதான், நடுவில் பழத்தின் ப.

மெல்லினத்துக்குப் பிறகு வருவது இன்னும் கஷ்டம். அம்ப³ஹன் என்று ஒரு சொல் வரும், அவர்களுடைய பாடல் வடிவத்தின் பெயர், அதில் ம் பக்கத்தில் ப³ என்பதால் நம் வாய்க்குச் சர்க்கரை. ஆனால் ம்+ப, ன்+த, ங்+க என்று அதிராத ஒலி பக்கத்தில் நின்றால் நாம் தடுமாறுவோம். தகலோகில் பத்துக்கு ஸம்பு என்பார்கள், அதை நாம் ‘கம்பு’ மாதிரிச் சொன்னால் தப்பு. ‘கேம்ப்’, ‘பம்ப்’ என்று நாம் சொல்லும் ஆங்கிலச் சொற்களின் முடிவை நினைத்துக்கொண்டு பழகினால் இது பிடிபடும்.

சொல் முதலிலும் கவனம் வேண்டும். இரண்டு என்பதற்குத் து³வா, மூன்றுக்குத் துலு. ஒன்று தினத்தின் த, மற்றது தண்ணீரின் த. து³வா, துலு, து³வா, துலு என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே நடங்கள், தொண்டையில் விரலை வைத்துக்கொண்டால் து³-வில் அதிர்வு முன்கூட்டியே தொடங்குவது தெரியும்.

தொண்டை வெட்டு

வேண்டாம் என்பதற்கு வாயைத் திறக்காமலே ‘ம்’ம்’ என்று சொல்வோம் இல்லையா, நடுவில் ஒரு வெட்டு வருமே, அதுதான் இந்த ஒலி. தொண்டையில் குரல்நாண்கள் ஒரு கணம் மூடித் திறக்கின்றன. தமிழில் இது எழுத்தாகாத ஒலி, பொருளை மாற்றாத ஒலி. ஹனுனோவில் ப, த, க போல முழு மெய்.

உயிரில் தொடங்குவதாக நமக்குத் தெரிகிற சொற்கள் எல்லாம் உண்மையில் இதில்தான் தொடங்குகின்றன. உபத் என்பது ’உபத். இது தானாக வந்துவிடும், கவலைப்பட வேண்டாம். இரண்டு உயிருக்கு நடுவில் வரும்போதுதான் வம்பு. ஆண்கள் கட்டும் கோவணத்துக்குப் ப³’அக்³ என்று பெயர். மொழியின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஹனுனோ’ஓ, உண்மையான என்று பொருள். தமிழ் வாய் இரண்டு உயிரைப் பக்கத்தில் விடவே விடாது, உடனே ஒரு ய் அல்லது வ் கொண்டுவந்து ஒட்டவைக்கும். உடம்படுமெய் என்று பள்ளியில் படித்தோமே, அதே வேலைதான். ‘ஹனுனோவோ’ ஆகிவிடும், அல்லது வெட்டே இல்லாமல் ‘ஹனுனூ’ என்று நீண்டுவிடும். இந்தக் கட்டுரையில் நானும் எழுத வசதிக்காக ஹனுனோ என்றே எழுதுகிறேன், ஆனால் சொல்லும்போது வெட்டுங்கள்.

சொல்லின் கடைசியிலும் வரும். சிவப்புக்கான சொல் மரரா’, அதன் கடைசி ஆ மெல்ல அடங்கிப் போகக் கூடாது, கத்தியால் நறுக்கியது போல நிற்க வேண்டும். மெய்க்குப் பிறகும் இது வரலாம், பிலிப்பைன்ஸில் ரோமன் எழுத்தில் எழுதும்போது அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போடுவது வழக்கம். அச்சில் சொல் நடுவே கோட்டைப் பார்த்தால் கூட்டுச்சொல் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் இது வெட்டுதான்.

உயிர்கள் மூன்று, அழுத்தம் ஒன்று

அ, இ, உ. அடிப்படையில் இவ்வளவுதான். உகரம் சொல்லின் கடைசி அசையில் கொஞ்சம் தளர்ந்து ஒகரத்துப் பக்கம் சாயும், அதனால்தான் இந்த மொழியின் பெயரையே ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருக்கிறார்கள், ஒருவர் ‘உஓ’ என்று முடிப்பார், இன்னொருவர் ‘ஓஓ’ என்று முடிப்பார். இரண்டு வேறு உயிர்கள் என்று எண்ணி மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எகரமும் ஒகரமும் ஸ்பானிஷ், தகலோக் வழியாக வந்த சொற்களில் தனியாகக் காதில் விழும்.

உயிர் மூன்றுதானே என்று சுலபமாக நினைத்துவிட முடியாது, ஏனென்றால் அழுத்தம் சொல்லின் பொருளைத் தொடும். தகலோகில் முதல் அசையை நீட்டி அழுத்தி ஆஸோ என்றால் நாய், இரண்டாம் அசையை அழுத்தி அஸோ என்றால் புகை. ஹனுனோவிலும் அழுத்தமும் நீளமும் இதே மாதிரி சொல்லோடு பிறந்தவை, காங்க்லின் அவற்றைச் சொல்லுக்குச் சொல் குறித்திருப்பது அதனால்தான். தமிழில் நாம் எந்தச் சொல்லையும் முதல் அசையில் கொஞ்சம் ஊன்றித் தொடங்கும் பழக்கமுள்ளவர்கள், குறில் நெடிலைத்தான் பார்ப்போம், அழுத்தத்தைக் கவனிப்பதில்லை. புதுச் சொல் எழுதிக்கொள்ளும்போதே அழுத்தம் விழும் அசையின் அடியில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பிறகு போடலாம் என்று விட்டால் தப்பான தாளத்தில் சொல் மனதில் பதிந்துவிடும், அதை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

சொல்லின் கடைசி: நமக்கே உரிய சில தொல்லைகள்

பொதுவான வழிகாட்டிகளில் இது இருக்காது, ஏனென்றால் இது தமிழ் பேசுகிறவர்களுக்கு மட்டுமான சங்கதி.

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால் உபத் என்பதை நாம் ‘உபத்து’ ஆக்கிவிடுவோம், ப³’அக்³ என்பதைப் ‘பாகு’ ஆக்கிவிடுவோம். ஒட்டும் அந்தச் சின்ன உகரத்தை விரட்ட வேண்டும். த் சொல்ல நாக்கைப் பல்லடியில் வையுங்கள், அப்படியே வைத்திருங்கள், காற்றை வெளியே விடாதீர்கள். கடைசி ஒலி வெடிக்காமல் உள்ளேயே நின்றுவிட வேண்டும். காதுக்குப் பாதிச் சொல் போலத் தோன்றும், அதுதான் சரி.

அடுத்தது மகரமும் னகரமும். மரம், அவன் என்று எழுதுகிறோம், பேசும்போது கடைசி மெய்யைச் சொல்கிறோமா? பெரும்பாலும் உயிரை மூக்கில் விட்டுவிட்டு வாயைத் திறந்தே வைத்திருக்கிறோம். ஹனுனோவில் ஆறுக்கு உனும், கடைசியில் உதடு இரண்டும் மூட வேண்டும். அம்ப³ஹன் என்பதன் கடைசியில் நாக்கு மேலே போய்த் தொட வேண்டும். ங்-கிலும் சொல் முடியும், அதனால் இந்த மூன்றையும் ஒரே மூக்கொலியாக மங்கலாக்கினால் கேட்பவருக்கு எது என்றே தெரியாது.

மூன்றாவது, கடைசி உகரம். பாட்டு, காடு, வந்து என்று நாம் சொல்லும்போது உதடு குவிவதில்லை, குற்றியலுகரப் பழக்கம். துலு, பிது, வலு, இதெல்லாம் அப்படி மங்கக் கூடாது, உதடு நன்றாகக் குவிய வேண்டும். வலு என்பது எட்டு, நம் வலிமைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

யகரத்தில் முடியும் சொற்களில் ‘பாய்’ என்பதைப் ‘பாயி’ என்று இழுப்பது போல இழுக்காமல் நிறுத்தினால் போதும்.

எண்களும் நிறங்களும்

இதுவரை பார்த்ததை எல்லாம் ஒரே இடத்தில் பழக எண்களைவிட நல்ல பயிற்சி கிடையாது. து³வா, துலு, உபத், லிமா, உனும், பிது, வலு: இரண்டிலிருந்து எட்டு வரை. தகலோக் தெரிந்தவர்கள் இங்கே வழுக்குவார்கள், ஏனென்றால் தகலோகில் மூன்று தத்லோ, நான்கு அபத், ஆறு அனிம். செபுவானோ தெரிந்தவர்களுக்குச் சுலபம், அங்கேயும் துலோ, உபத், உனோம்தான்.

அடுத்து நிறங்கள். காங்க்லின் 1955 இல் ஹனுனோ நிறச் சொற்களைப் பற்றி எழுதிய கட்டுரை மானிடவியல் மாணவர்கள் உலகம் முழுக்கப் படிப்பது. அடிப்படைச் சொற்கள் நான்குதான். மபீ³ரு: கருப்பு, கருநீலம், ஊதா, அடர்பச்சை என்று இருண்ட எல்லாம். மலக்³தி’: வெள்ளையும் வெளிறிய நிறங்களும். மரரா’: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். மலதுய்: இளம்பச்சையும் அதைச் சேர்ந்த வெளிர்பழுப்பும். இதில் அழகு என்னவென்றால் பின்னிரண்டும் வெறும் நிறம் மட்டும் அல்ல, காய்ந்ததும் ஈரமானதும் என்ற வேறுபாடும் அதில் கலந்திருக்கிறது. அப்போதுதான் வெட்டிய மூங்கில் துண்டு, பழுப்பாகப் பளபளத்தாலும் அவர்களுக்கு மலதுய்தான், மரரா’ அல்ல. 1,600க்கும் மேற்பட்ட செடிகொடி வகைகளைப் பெயர் சொல்லிப் பிரித்தறிகிற மக்களுக்குப் பசுமை என்பது உயிரோடு இருக்கிறதா என்ற கேள்வியும் சேர்ந்ததாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஒலிப் பயிற்சிக்கு இந்த நான்கு சொற்களும் தங்கம். முன்னால் வரும் ம பெயரடை ஆக்கும் முன்னொட்டு, அதை அழுத்த வேண்டாம். மபீ³ரு-வில் பீ³ நீண்டு அழுத்தமாக வரும், கடைசி ரு உதடு குவிந்து. மலக்³தி’-யில் க்³ அதிர வேண்டும், பக்கத்தில் இருக்கும் தி அதிரக் கூடாது, கடைசியில் வெட்டு. ‘பக்தி’ சொல்லும் பழக்கத்தில் க் என்று விட்டுவிடுவோம், மெதுவாகப் பிரித்து மலக்³ – தி’ என்று பழகுங்கள். மலதுய் நடுவில் மீண்டும் நம் பழைய எதிரி, தண்ணீரின் த.

இப்போது எழுத்துக்குப் போகலாம்

எழுத்தின் பெயர் சூரத் மங்யான். பிராமி வழி வந்தது, தமிழும் அதே வழி, அதனால் அமைப்பு உடனே புரியும். 15 மெய்களுக்கு 15 எழுத்து, ஒவ்வொன்றும் தானாகவே அகரம் ஏறியது. இகரத்துக்கு ஒரு குறி, உகரத்துக்கு ஒரு குறி. தனி உயிர் மூன்று. பெருக்கிப் பார்த்தால் 48 வடிவங்கள், 247 பார்த்த நமக்கு இது ஒரு வார வேலை. ப-வுக்கும் ப³-வுக்கும், த-வுக்கும் த³-வுக்கும், க-வுக்கும் க³-வுக்கும் தனித்தனி எழுத்து உண்டு, ரகரமும் த³கரமும் கூடத் தனித்தனி.

பதினாறாவது மெய்யான வெட்டுக்கு எழுத்து இல்லை, ஆனால் தனி உயிரெழுத்துதான் அந்த வேலையைச் செய்கிறது. ஹனுனோ’ஓ என்பதை ஹ, னு, னு, உ என்று நான்கு எழுத்தில் எழுதுவார்கள், அந்தக் கடைசி உ தனி உயிராக நிற்பதே வெட்டு இருக்கிறது என்பதற்கு அடையாளம். நடுவில் வரும் வெட்டு இப்படித் தப்பிக்கிறது, கடைசியில் வரும் வெட்டு தப்பிப்பதில்லை.

மரபான எழுத்தில் புள்ளி கிடையாது. அசையின் கடைசி மெய்யை எழுதவே மாட்டார்கள். உபத் என்பது உ, ப. உனும் என்பது உ, னு. மலக்³தி’ என்பது ம, ல, தி, இரண்டு மெய் காணாமல் போய்விட்டது. மலதுய் என்பது ம, ல, து. ப³’அக்³ என்பது ப³, அ. வாசிப்பவர்தான் சூழலைப் பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். நம் ஓலைச்சுவடிகளிலும் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், ஆனால் அங்கே எழுத்தாவது இருக்கும், மெய்யா உயிர்மெய்யா என்று மட்டும் ஊகிக்க வேண்டும். இங்கே எழுத்தே இருக்காது. மொழியைக் காதால் கற்காமல் எழுத்துக்கு வரக் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னதன் காரணம் இதுதான்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மன்சலாய் பக்கத்துப் பனாய்தாயனில் நெடுங்காலம் வாழ்ந்த டச்சுப் பாதிரியார் அந்தோன் போஸ்த்மா, பமுத்³பொத்³ என்ற குறியைக் கொண்டுவந்தார். நம் புள்ளி செய்யும் அதே வேலை. யுனிகோடிலும் அது இருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் அந்தக் குறியோடு எழுதிப் பழகுங்கள், ஆனால் பழைய மூங்கில்களில் அதை எதிர்பார்க்காதீர்கள். 2002 இல் யுனிகோடின் 3.2 பதிப்பில் இந்த எழுத்து சேர்ந்தது, கூகுளின் நோட்டோ எழுத்துருக்களில் ஹனுனோவுக்கும் ஒன்று இருக்கிறது, கணினியில் வெறும் கட்டம் தெரிந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கையால் எழுதிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. மூங்கிலில் எழுதும்போது கத்தியை உடம்பிலிருந்து வெளியே தள்ளித்தான் கீறுவார்கள், அதனால் வரி கீழிருந்து மேலே ஏறும், அடுத்த வரி வலப்பக்கம் வரும். வாசிக்கும்போது மூங்கிலை எப்படி வேண்டுமானாலும் பிடிப்பார்கள். இடக்கையர்கள் எழுதியது கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி இருக்கும், அதையும் மற்றவர்கள் வாசித்துவிடுவார்கள். அட்டவணையில் ஒரு எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருந்தால் அட்டவணை தப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். அங்கே பிள்ளைகள் அகரவரிசை ஒப்பித்து இதைக் கற்பதும் இல்லை. பதின்பருவத்தில், காதல் பாட்டுகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற துடிப்பில், தங்களுக்கு வேண்டிய சொற்களைப் பார்த்து எழுதியே பழகுகிறார்கள். நீங்களும் உங்கள் பெயரிலும் மேலே பார்த்த எண்களிலும் தொடங்குங்கள், அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட இது நிற்கும்.

காதைத் தீட்ட: அம்ப³ஹனும் மறைகுரலும்

அம்ப³ஹன் என்பது வரிக்கு ஏழு அசை கொண்ட பாடல், வரிகளின் கடைசி அசைகள் ஒத்து ஒலிக்கும். இசைக்கருவி இல்லாமல், நிலையான மெட்டு இல்லாமல், இழுத்து ஓதுவார்கள். அப்பா அம்மா பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது, விருந்தினரை வரவேற்பது, காதல், பிரிவு, எல்லாவற்றுக்கும் அம்ப³ஹன் இருக்கிறது. மன்சலாயைச் சேர்ந்த கி³னாவ் பி³லோக்³ என்ற ஹனுனோ கவிஞருக்கு 1993 இல் பிலிப்பைன்ஸ் அரசு அந்த நாட்டின் மிக உயர்ந்த நாட்டார் கலைஞர் விருதைக் கொடுத்தது, இந்தப் பாடல்களைக் காத்ததற்காகவே.

ஒலி கற்பவருக்கு இது பெரிய உதவி. ஓர் அசைக்கு ஓர் எழுத்து, கடைசி மெய் எழுதப்படுவதில்லை, ஆகவே மரபான எழுத்தில் ஒரு வரி என்பது சரியாக ஏழு எழுத்து. ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே விரலில் ஏழு எண்ணுங்கள். ஆறில் நின்றாலோ எட்டுக்குப் போனாலோ, எங்கேயோ ஒரு வெட்டை விழுங்கியிருக்கிறீர்கள் அல்லது கடைசி மெய்க்கு உகரம் ஒட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடைக்க மாட்டார். ஒன்று மட்டும்: பாடலில் வரும் சொற்கள் பல அன்றாடப் பேச்சில் வராதவை, அளவுக்காக நீட்டியோ குறுக்கியோ இருக்கும், அதனால் அங்கிருந்து சொற்களை எடுத்துக்கொண்டு போய்ப் பேச்சில் போடாதீர்கள்.

இன்னொன்று, எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்தது. இளைஞர்கள் காதலிக்கும் காலத்தில், தான் யார் என்று தெரியாமல் இருக்கக் குரலை மாற்றிப் பேசும் வழக்கத்தைக் காங்க்லின் 1959 இல் பதிவு செய்திருக்கிறார். காதில் விழுந்தும் விழாத கிசுகிசுப்பு, மெல்லிய கீச்சுக்குரல், சொல்லின் அசைகளை இடம் மாற்றியும் இடையில் வேறு அசை நுழைத்தும் பேசுவது, இப்படிப் பல வகை. அதில் பஹாகு³த் என்பது மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டே பேசுவது. உலக மொழிகளில் உள்மூச்சுப் பேச்சைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் இதைக் குறிப்பிடுகிறார்கள். முயன்று பாருங்கள்: மூச்சை உள்ளிழுத்தபடி துலு, உபத், லிமா. குரல் மாறிப்போகும், ஆனால் ப-வும் ப³-வும் வேறு வேறாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் சொல் புரியாது. எந்த வேறுபாடு மொழிக்கு உயிர் என்பது குரலை மறைக்கும்போதுதான் நன்றாகத் தெரிகிறது.

எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது

மிந்தோரோவின் கலபான் நகரில் மங்யான் பாரம்பரிய மையம் இருக்கிறது, 2000 இல் தொடங்கியது. அம்ப³ஹன் தொகுப்பு, நூலகம், எழுத்துப் பயிற்சி எல்லாம் அங்கே உண்டு. பத்தங்காஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் கலபான் போகலாம், ஹனுனோ ஊர்கள் அங்கிருந்து இன்னும் தெற்கே வெகுதூரம். நேரில் போக முடியாதவர்கள் தகலோக் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஹனுனோ மக்களில் பலர் தகலோகும் பேசுவார்கள், விளக்கங்களும் பெரும்பாலும் அதிலேயோ ஆங்கிலத்திலேயோதான் கிடைக்கும்.

நேரில் போகிறவர்களுக்கு: ஒலிப்பதிவுக் கருவியை முதலில் எடுக்காதீர்கள். பழங்குடி மக்களின் அறிவையும் பாடலையும் பதிவு செய்ய அவர்களுடைய முன்னொப்புதல் வேண்டும் என்பது பிலிப்பைன்ஸில் 1997 ஆம் ஆண்டின் பழங்குடி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களிடம் எதற்காக, யார் கேட்பார்கள், எங்கே வைப்பீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள். தனிப்பட்ட காதல் பாட்டு என்றால் பாடியவர் பின்னால் வேண்டாம் என்று சொன்னால் அழித்துவிடுங்கள். பதிவு கிடைத்தால் அதன் ஒரு பிரதி அந்த ஊருக்கும் போக வேண்டும், பாடியவரின் பெயரை அவர் விரும்பினால் போடுங்கள், விரும்பாவிட்டால் போடாதீர்கள்.